பார்க் தெருவின் இரவும் நம் பிரயாணிகளும்

மார்கழி பிறக்கு முன்பே நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கரக்பூரிலும் டாட்டாநகரிலும் ரூர்கேலாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கல்கத்தா தூரத்துப் பட்டணம் அன்று. கரக்பூரிலிருந்து ஹௌரா ஏறத்தாழ 115 கிலோமீட்டர், டாட்டாநகரிலிருந்து 250. பள்ளிக்கூடங்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டவுடன், “பார்க் தெரு விளக்குகளைப் பார்த்துவிட்டு வருவோமே” என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்குகின்றனர். நாம் இரயில்வே உத்தியோகம் பார்ப்பதனால் வண்டி நேரம் விசாரிக்க நம்மை நாடி வருவோர் பலர். வண்டி நேரம் கேட்டு முடிந்ததும் குரலைச் சற்றே தாழ்த்தி இரண்டாவது கேள்வியைக் கேட்பார்கள்: “தம்பி, இராத்திரி வேளையில் வயசுப் பெண்ணை அழைத்துக்கொண்டு அங்கே போகலாமா?”

இக்கேள்விக்கு நம்மவரிடையே வழங்கும் விடைகள் இரண்டு. “அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்” என்பது ஒன்று. “ஊரே திரண்டு போகிறது, நமக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?” என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொல்பவர் பெரும்பாலும் பார்க் தெருவை மிதித்தறியாதவர். இரண்டாவது விடையைச் சொல்பவர் இரவு எட்டு மணிக்கே அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டவர். இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, அங்கே இருப்பது இன்னது, அஞ்சவேண்டுவது இன்னது, அஞ்சவேண்டாதது இன்னது என்று விவரமாக எழுதிவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லும் வேலை மிச்சமாகும் என்று துணிந்தோம்.

கல்கத்தா 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா ஆகிவிட்டது. பார்க் தெருவும் 2004-இல் மதர் தெரேசா சரணி என்று பெயர் மாறியது. பெயர்ப்பலகை மாறினாலும் வாய் மாறவில்லை. டாக்சி ஓட்டியிடம் ‘பார்க் ஸ்ட்ரீட்’ என்று சொல்வதே உத்தமம். முற்காலத்தில் இவ்வீதிக்கு இடுகாட்டுச் சாலை என்றே பெயர். 1767-இல் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குச் சவ ஊர்வலங்கள் சென்ற வழி இது. அந்தக் கல்லறைத் தோட்டம் வீதியின் கிழக்குப் பகுதியில் இன்றும் இருக்கிறது. பிற்பாடு, தலைமை நீதிபதி எலைஜா இம்பே என்பாரின் மான்கள் உலவிய தோட்டத்தினால் ‘பார்க்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சவம் சென்ற வழியில் இப்போது சங்கீதம் செல்கிறது. காலத்தின் விந்தை அது.

ஃப்ளூரிஸ் என்னும் தேநீர்க்கடை 1927 முதல் இங்கே உள்ளது. 1960-களில் டிரிங்காஸ், மொகாம்போ போன்ற உணவு விடுதிகளில் இரவுதோறும் வாத்தியக் கோஷ்டிகள் முழங்கின. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் அவர்கள், சென்னை மவுண்ட் ரோடு விடுதியொன்றில் பாடத் தொடங்கி, பின்பு டிரிங்காஸ் மேடையில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக நின்று பாடியே நாடறிந்தவரானார். ஆகையால் இவ்வீதியைத் தீயோர் கூடுமிடம் என்று ஒரே சொல்லில் தள்ளுவது நியாயம் ஆகாது. குடும்பம் குடும்பமாக வங்காளிகள் உண்ணவும் உலவவும் வரும் வீதி அது. விளக்கும் சனமும் உள்ள வரையில் அங்கே நடப்பதில் அச்சம் இல்லை.

பிறகு எதில்தான் அச்சம் என்று கேட்பீர்களாயின், விளக்கு முடியுமிடத்திலும், சனம் கலையும் நேரத்திலும், கூரைக்கு உள்ளேயும் என்று சொல்வோம். இம்மூன்றாவதைப் பற்றி நம்மவர் நினைப்பதே இல்லை. அதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

முதலில் போக்குவரத்து. கேளிக்கை வீதியில் வரும் தொல்லைகளிற் பாதி, திரும்பிப் போக வழி தெரியாமையினால் வருவன. ஹௌராவில் இறங்கி, டாக்சிக்காரரோடு வழக்காடி, பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் கழித்துச் சௌரங்கி சேர்ந்த காலம் இப்போது இல்லை. 2024 மார்ச்சு மாதத்தில் ஹூக்ளி நதிக்கு அடியிலேயே மெட்ரோ வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஹௌராவில் ஏறினால் சில நிமிடங்களில் எஸ்பிளனேட். அங்கே வேறு வண்டி மாறித் தெற்கு நோக்கி ஒரே நிலையம் சென்றால் பார்க் ஸ்ட்ரீட். 2025 ஆகஸ்டு முதல் சியால்தாவில் இறங்குவோரும் இதே வழியில் எஸ்பிளனேட் வந்து சேரலாம். இந்தியாவின் முதல் மெட்ரோ வண்டி 1984 அக்டோபர் 24-ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூருக்கு ஓடியபோது அதன் முதல் நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட்தான். கல்கத்தா மெட்ரோ இந்திய இரயில்வேக்கே உரியது. இதைச் சொல்லும்போது நமக்குச் சிறிது பெருமிதம் தோன்றுவதை வாசகர்கள் பொறுத்தருள்க.

ஆனால் மெட்ரோ இரவு முழுவதும் ஓடுவதில்லை. கடைசி வண்டியின் நேரம் நாளுக்கு நாள் வேறுபடும். ஞாயிறன்று வேறு, பண்டிகை நாளில் வேறு. நிலையத்தை விட்டு மேலே ஏறும்போதே சீட்டுக் கொடுக்குமிடத்தில் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக் கையில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகச் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துவிடும் குடும்பத்துக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் பாதி தேவைப்படாது.

கடைசி வண்டி போய்விட்டதென்றால் டாக்சிதான். மஞ்சள் டாக்சிகள் வரவரக் குறைந்துவிட்டன. அவற்றில் மீட்டர் போட மறுத்து வாய்க்கு வந்த கூலி கேட்பது பழைய கதை. கைப்பேசி வழியாக அழைக்கும் ஊபர், ஓலா வண்டிகளும், மேற்கு வங்க அரசின் ‘யாத்ரி சாத்தி’ மூலம் வரும் வண்டிகளும் உண்டு. இவற்றால் கூலிச் சண்டை குறைந்தது. வேறு சில எச்சரிக்கைகள் கூடின. வண்டி வந்து நின்றவுடன் கதவைத் திறந்து ஏறிவிடக் கூடாது. கைப்பேசியில் காட்டும் எண்ணும் வண்டியின் பின்புறத்து எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். “யாருக்காக வந்தீர்கள்?” என்று ஓட்டியை நாம் கேட்க வேண்டுமேயன்றி, நம் பெயரை நாமே முந்திச் சொல்லலாகாது. ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணை ஏறி அமர்ந்த பிறகே கூற வேண்டும். “இதை ரத்து செய்துவிடுங்கள், நேராக என்னிடம் பணம் கொடுத்தால் போதும்” என்று ஓட்டி சொன்னால், எத்துணை நயமாகச் சொன்னாலும், இறங்கிவிட வேண்டும். ரத்தான பயணத்துக்கு ஏட்டில் சுவடே இராது. நீங்கள் எந்த வண்டியில் எங்கே போனீர்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஐம்பது ரூபாய் மிச்சத்துக்காக அந்தச் சுவட்டை அழித்துக்கொள்ளுதல் அறிவுடைமை அன்று.

பெண்கள் தனியே செல்ல நேர்ந்தால் பின்னிருக்கையில் அமர்க. வண்டி புறப்படுமுன் பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க. குழந்தைகளுக்காக வைத்திருக்கும் பூட்டு போடப்பட்டிருந்தால் கதவு உள்ளிருந்து திறவாது. வண்டி போகும் பாதையை வீட்டாருக்குக் கைப்பேசியில் அனுப்பிவைக்கும் வசதி இவ்வண்டிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் நம்மில் மிகச் சிலரே. வீட்டுக்குப் போன் செய்து, ஓட்டியின் காதில் விழும்படி, “ஏறிவிட்டோம், வண்டி எண் இன்னது” என்று சொல்வதும் நல்லதே. தமிழில் சொன்னாலும் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுக.

இங்கே ஒரு துயர நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2012 பிப்ரவரி மாதத்தில், பார்க் தெரு விடுதியொன்றிலிருந்து இரவில் வெளியே வந்த ஒரு மாதை, வீட்டில் கொண்டுவிடுகிறோம் என்று ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் ஓடும் காரிலேயே வன்கொடுமைக்கு ஆளாக்கினர். அக்கொடுமையினும் பெரிய கொடுமை பிறகு நடந்தது. அம்மாது அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள் என்று ஊரும் அதிகாரத்தில் இருந்தோரும் அவளையே கேட்டனர். அவர் முகத்தை மறைத்துக்கொள்ள மறுத்துத் தம் பெயரைத் தாமே உலகுக்குச் சொல்லி நின்றார். 2015 மார்ச்சு மாதத்தில் நோயுற்று மாண்டார். அதே ஆண்டு டிசம்பரில் மூவர் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பதற்கு அவர் இல்லை. குற்றம் செய்தவரிடமே குற்றம். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்து அவள் நம்மிடம் வந்து சொல்லும்போது, “நீ ஏன் போனாய்?” என்ற கேள்வி நம் வாயிலிருந்து முதலில் வருமாயின், அடுத்த முறை அவள் நம்மிடம் வந்து சொல்லமாட்டாள். அன்று மாலை அறிமுகமானவரின் வண்டியில் ஏறாதிருத்தல் எச்சரிக்கை. ஏறியவரைப் பழித்தல் எச்சரிக்கை ஆகாது. இவ்வேறுபாட்டை நம் தாய்மார்களும் பெரியவர்களும் மனத்திற் கொள்ள வேண்டும்.

நிற்க. விளக்கு முடியும் இடங்களைச் சொல்வோம். பார்க் தெருவுக்கும் நியூ மார்க்கெட்டுக்கும் நடுவே உள்ள மிர்சா காலிப் தெருவும் (பழைய பெயர் ஃப்ரீ ஸ்கூல் தெரு), அதிலிருந்து பிரியும் சதர் தெருவும் மலிவான விடுதிகள் நிறைந்தவை. வெளிநாட்டுப் பிரயாணிகள் மிகுதியாகத் தங்குமிடம். அங்கே இருட்டியபின், நடந்து செல்லும் ஆண்மக்களின் காதருகில் வந்து மெல்லிய குரலில் ஏதேதோ வேண்டுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு வளரும். ‘லாக்பே நா’ என்று வங்காளத்தில் இரண்டே சொல். ‘தேவையில்லை’ என்று பொருள். கோபமும் வேண்டா, விளக்கமும் வேண்டா. நடையை நிறுத்தாமல் சொல்லிச் செல்க. பகலில் நியூ மார்க்கெட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து கடை கடையாக அழைத்துச் செல்லும் ஆட்களுக்கும் இதே மந்திரம் பலிக்கும். அவர்கள் கள்வர் அல்லர், தரகுக்காக அலைபவர். ஆனால் அந்தத் தரகு நீங்கள் வாங்கும் புடவையின் விலையில்தான் ஏறும். அந்த மார்க்கெட்டு 1874-இல் திறந்தது. தரகும் அன்றே பிறந்திருக்கும் போலும்.

சௌரங்கி சாலைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் மைதானம் மாலையில் மிக இனியது. இரவு ஏறிய பின் அதன் நடுவே குறுக்கு வழியில் நடப்பது வேண்டா. விக்டோரியா நினைவகத்துப் பக்கத்திலிருந்து பார்க் தெருவுக்கு வர விரும்புவோர் சுற்றானாலும் பெரிய சாலையோரமாகவே வருக.

வழி கேட்க நேர்ந்தால் ஆண்களை ‘தாதா’ என்றும் பெண்களை ‘தீதி’ என்றும் அழைத்துக் கேட்கலாம். நம்மவர் சிலர் ஹிந்தியில் அதட்டிக் கேட்டுவிட்டு, வங்காளிகள் பதில் சொல்வதில்லை என்று குறைகூறுகின்றனர். ‘தாதா’ என்ற ஒரு சொல்லுக்கு அவ்வூரில் உள்ள மதிப்பு அவர்களுக்குத் தெரியவில்லை. ‘தானா கோத்தாய்?’ என்றால் காவல் நிலையம் எங்கே என்று பொருள். பார்க் தெருவிலேயே காவல் நிலையம் உண்டு; நியூ மார்க்கெட்டுக்குத் தனியே ஒன்று உண்டு.

டிசம்பர் 24, 25 தேதிகளில் நிலைமை வேறு. அவ்விரு மாலைகளிலும் ஆலன் பூங்காவைச் சுற்றிச் சேரும் கூட்டம் மதுரைச் சித்திரைத் திருவிழாவை நினைவூட்டும். வாகனங்களை நிறுத்தி வீதியை நடப்போர்க்கே விட்டுவிடுவது வழக்கம். அவ்வேளையில் பணப்பையும் கைப்பேசியும் பின்பையில் இருப்பது பிறருக்குக் கொடுத்ததற்குச் சமானம். குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோர் இருவருடைய தொலைபேசி எண்ணையும் எழுதிய சீட்டை வைத்து ஊசி குத்திவிடுக. கூட்ட நெரிசலில் கைப்பேசிகள் பேசாமற் போகும். அதனால் பிரிந்தவர் சந்திக்க ஓரிடத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவின் இன்ன வாயில் என்று குறிப்பது தகும்; ‘அந்தப் பெரிய மரத்தடி’ என்பது தகாது, அங்கே மரங்கள் எல்லாம் விளக்குச் சரம் சுற்றி ஒன்றுபோலவே இருக்கும். காணாமற்போன குழந்தை பெற்றோரைத் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்த காவலரிடம் மட்டும் பேசவும் வீட்டிலேயே பழக்குக. கூட்டம் நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் எதிர்த்துத் தள்ளாமல், அது போகும் திசையிலேயே சாய்வாக நகர்ந்து ஓரம் சேர வேண்டும். குழந்தையைத் தோள்மேல் தூக்கிக்கொள்க. தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுசெல்லற்க.

விடுதிகளில் பணம் செலவாகும் விதத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இசை நடக்கும் இடங்களில் நுழைவுக்கே தனிக் கட்டணம் இருக்கலாம், உட்காருமுன் கேட்டுவிடுக. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை சேர்ந்திருந்தால் அது கட்டாயம் அன்று. உணவு விடுதிகள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது; 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீக்கும்படி பணிவாகக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். பரிசாரகர் கையில் விரும்பிக் கொடுக்கும் இனாம் வேறு விஷயம். அதனை நாம் தடுக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது வழங்கக் கூடாது என்பது சட்டம். கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள் கூட்டாளிகளோடு போகும்போது இது தெரிந்திருப்பது நன்று. அருந்துவது பழரசமே ஆயினும், எழுந்து போய்த் திரும்பிய பிறகு பழைய குவளையைத் தொடற்க. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்க.

வங்கி அட்டையைக் கண்பார்வைக்கு அப்பால் கொண்டுபோக விடலாகாது. 2021 ஜனவரி முதல் 5000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலே அட்டையைத் தட்டிப் பணம் எடுக்க முடியும். ஆகவே களவுபோன அட்டை, களவுபோன பணமேயாகும். பிரயாணத்தின்போது அவ்வசதியை வங்கியின் கைப்பேசிச் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே மறிக்கக் கூடும்.

இனி, கூரைக்கு உள்ளே இருக்கும் ஆபத்து. நாம் இக்கட்டுரை எழுத முனைந்ததே இதற்காகத்தான். முடிச்சவிழ்ப்பவனுக்கு அஞ்சி இடுப்பில் பணத்தை முடிந்துகொள்ளும் நம்மவர், தங்கும் விடுதியில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பணம் போனால் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிக்கட்டலாம்.

2010 மார்ச்சு 23-ஆம் நாள் பார்க் தெருவிலேயே ஸ்டீபன் கோர்ட் என்னும் பழைய கட்டடம் தீப்பற்றியது. பட்டப்பகல். நாற்பத்து மூவர் மாண்டனர். மேல்மாடிகளில் இருந்தோர் புகைக்கு அஞ்சிப் படிக்கட்டில் மேல்நோக்கி ஓடினர். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. 2017 டிசம்பர் 29-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் பம்பாய் கமலா மில்ஸ் வளாகத்து மாடி விடுதியில் தீப்பிடித்தபோது பதினால்வர் இறந்தனர். அவருட் பலர், தண்ணீர் இருக்கும் இடம் பாதுகாப்பென்று எண்ணிக் கழிவறைக்குள் சென்று அடைந்தவர்கள். புகைக்குக் கழிவறையும் ஒன்றுதான், கூடமும் ஒன்றுதான்.

2025 ஏப்ரல் 29-ஆம் நாள் இரவு, கல்கத்தாவின் படா பஜார் பகுதியில் மேச்சுவா என்னுமிடத்தில் ஒரு தங்கும் விடுதி எரிந்தது. பதினான்கு உயிர்கள் போயின. பெரும்பாலோர் நெருப்புத் தீண்டாமலே, புகையினால் மூச்சடைத்து மாண்டவர்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் முதியவரும் இரு சிறு குழந்தைகளும் இருந்தனர். ஊர் பார்க்க வந்து, நம்மைப்போலவே இரயில் நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் அறை எடுத்தவர்கள். அச்செய்தி வந்த வாரத்தில் நம் குடியிருப்பில் பேச்சு எழவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்குக் கல்கத்தா சென்றவர்களுள், அறை எடுக்குமுன் விடுதியின் இரண்டாவது படிக்கட்டைக் காட்டச் சொன்னவர் எத்தனை பேர் என்று விசாரித்தோம். ஒருவரும் இல்லை.

ஆகையால் அன்பர்களே, முன்பணம் கட்டுமுன் மாடி ஏறிப் பாருங்கள். இறங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டா, இரண்டு உண்டா? இரண்டாவது வழி இருந்தால், அதில் மெத்தைகளையும் அட்டைப் பெட்டிகளையும் அடுக்கிப் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்களா? அறைச் சன்னல் திறக்கிறதா, குளிர்சாதனத்துக்காகப் பலகை அறைந்து மூடிவிட்டார்களா? சன்னல் இல்லாத அறை நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். அந்த நூறு ரூபாய் வேண்டா. இயன்றவரை கீழ் மாடியில் அறை கேளுங்கள். சாமான்களை வைத்தவுடன், அறை வாயிலிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. புகையில் கண் தெரியாது. சுவரைக் கையால் தடவிக்கொண்டே கதவுகளை எண்ணித்தான் போக வேண்டியிருக்கும்.

தீ என்று கூக்குரல் கேட்டால், அறைக்கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடவில்லையென்றால் திறந்து, குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுங்கள். புகை மேலே நிற்கும், நல்ல காற்றுத் தரையோரம் இருக்கும். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள். பெட்டியை எடுக்கத் திரும்பாதீர்கள். அதில் பெண்ணின் கலியாண நகை இருந்தாலும் திரும்பாதீர்கள். கதவு சுட்டால் திறக்கவே வேண்டா. கதவிடுக்கை நனைத்த போர்வையால் அடைத்து, சன்னலைத் திறந்து, வெள்ளைத் துணியை ஆட்டிக் கூவுங்கள். 101 அல்லது 112-க்குத் தொலைபேசி செய்து எந்த மாடி, எந்த அறை என்று சொல்லுங்கள். முதியவரையும் குழந்தைகளையும் அறையில் விட்டுவிட்டு மற்றவர் வெளியே செல்வது எல்லாக் குடும்பங்களிலும் வழக்கம். அவ்வாறு செல்லும்போது வெளியிலிருந்து பூட்டிச் செல்லும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுக. திறவுகோல் உள்ளே இருப்பவரிடம் இருக்கட்டும்.

உணவு விடுதியிலும் இதுவே விதி. இசை கேட்க அமர்ந்தவுடன், நாம் வந்த வாயிலைத் தவிர வேறு வாயில் எது என்று கண்ணால் தேடி வைத்துக்கொள்ள ஒரு நிமிடமும் ஆகாது.

காவல் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண உடையில் இருவர் வந்து, “நாங்கள் போலீஸ், பையைக் காட்டு” என்றால் வீதியில் பையைத் திறக்கலாகாது. நிலையத்துக்கு நடப்போம், அங்கே காட்டுகிறேன் என்று சொல்லலாம். மெய்யான காவலர் மறுக்கமாட்டார். களவோ வேறு குற்றமோ நேர்ந்து முறையிடப் போனால், “இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்று திருப்பியனுப்ப எந்த நிலையத்துக்கும் உரிமை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எல்லை எதுவாயினும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. புகாரின் நகல் ஒன்றை இலவசமாகப் பெறவும் உரிமை உண்டு. அந்தி சாய்ந்தபின் விடியும்வரை பெண்களைக் கைது செய்வது விதிவிலக்கான நிலைமையில், பெண் காவல் அதிகாரி மூலம், நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றே கூடும் என்பதும் சட்டத்தில் உள்ளது. இதனை அறியாத பெண்களிடம் ‘நிலையத்துக்கு இழுத்துப் போவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிப்போர் எல்லாப் பட்டணங்களிலும் உண்டு.

முடிவாக நம் சொந்த இலாகாவுக்கு வருவோம். விடியற்காலை வண்டிக்காக அறை எடுக்காமல் ஹௌரா நிலையத்திலேயே இரவைக் கழிக்க எண்ணுவோர் பலர். அதில் தவறில்லை; ஆனால் நடைமேடையில் துணி விரித்துப் படுப்பதைவிட, முன்னதாகவே ஓய்வறைக்குப் பதிவு செய்துகொள்வதும், அது கிடைக்காவிட்டால் பயணச்சீட்டைக் காட்டிக் காத்திருப்போர் கூடத்தில் அமர்வதும் நலம். பூட்டிய பெட்டிகளைச் சாமான் வைப்பறையில் கொடுத்துவிட்டால் கை வீசி நடக்கலாம். பூட்டாத பையை அங்கே ஏற்பதில்லை. பக்கத்தில் அமர்ந்தவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் தரும் பிஸ்கோத்தும் தேநீரும் வேண்டா. மயக்க மருந்து கலந்து கொடுத்துச் சாமான்களைக் கொண்டுபோகும் கூட்டத்தார் குடும்பத்தோடு பிரயாணம் செய்பவர் போலவே நடிப்பர். சில வேளை குழந்தையையும் உடன் வைத்திருப்பர். நிலையத்திலோ வண்டியிலோ எது நேர்ந்தாலும் 139 என்ற எண்ணே போதும். முன்பிருந்த 182 என்ற எண் 2021-இல் இதனோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

வண்டி எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் சீட்டில் ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவுக்கு வண்டி நிலையங்கள் ஹௌரா, சியால்தா மட்டுமல்ல. ஷாலிமார், சந்திராகாச்சி, சித்பூரில் உள்ள கொல்கத்தா நிலையம் என்று இன்னும் உண்டு. ஹௌராவிலிருந்து புறப்பட்டுப் பழகிய கோரமண்டல் விரைவு வண்டி இப்போது ஷாலிமாரிலிருந்தே புறப்படுகிறது. சென்னை மெயில் ஹௌராவிலிருந்து. ஷாலிமாருக்கு மெட்ரோ கிடையாது. பார்க் தெருவிலிருந்து இரவில் அங்கே செல்வோர் டாக்சியில் இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தைக் கடந்தே போக வேண்டும். பண்டிகை நாட்களில் அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கிவைக்க. மார்கழிப் பனியினால் வடக்கேயிருந்து வரும் வண்டிகள் தாமதமாகும் மாதமும் இதுவே. விடுதியைவிட்டுக் கிளம்புமுன் 139-இல் நேரம் கேட்டுவிட்டால், குளிரில் குழந்தைகளோடு நடைமேடையில் காத்து நிற்க வேண்டியிராது.